ஷீட் கூரையும் சுவரும் சேரும் இடம் ஒழுகாமலிருக்க: ஃபிளாஷிங் தகடுகளின் வகைகளும் பொருத்தும் முறையும்

மொட்டை மாடியில் இரும்புக் குழாய்ச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் வண்ணம் பூசிய ஷீட் போட்டுக் கூரை அமைப்பது தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை இப்போது வழக்கமாகிவிட்டது. தளத்தில் வெயில் இறங்காது, துணி காயப்போடலாம், விசேஷ நாட்களில் பந்தி போடலாம் என்று பல வசதிகள் இதில் உண்டு. ஆனால் ஐப்பசி மழை பிடித்ததும் அந்தக் கூரைக்குக் கீழே தண்ணீர் சொட்டத் தொடங்கினால், ஷீட்டின் நடுப்பகுதியில் ஓட்டை விழுந்திருப்பது அரிது. படிக்கட்டு அறையின் சுவரில் ஷீட் போய் முட்டும் கோடு, இரண்டு சரிவுகள் கூடும் மூலை, ஷீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் குழாயின் சுற்று, காற்றில் தூக்கிக்கொண்ட ஓரம் ஆகியவைதான் பெரும்பாலும் ஒழுகும் இடங்கள். இவ்வாறு ஒரு பொருள் முடிந்து இன்னொரு பொருள் தொடங்கும் இடங்களை மூடி, மழைநீரை வெளியே தள்ளிவிடுவதற்கென்றே வளைத்துச் செய்யப்படும் மெல்லிய உலோகத் தகட்டைத்தான் ஃபிளாஷிங் என்கிறோம்.

பல வீடுகளில் ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தைச் சிமெண்ட் கலவையால் அணைத்துப் பூசிவிடுகிறார்கள். இல்லையென்றால் ஒரு டியூப் சிலிக்கோனை நீளமாகப் பிதுக்கி விடுகிறார்கள். இரண்டும் ஒரு கோடையைத் தாண்டுவதே கடினம். இரவில் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஷீட் உச்சிவெயிலில் 65 டிகிரி வரை காய்ந்துவிடக்கூடும். அந்த 40 டிகிரி வேறுபாட்டில் 6 மீட்டர் நீளமுள்ள இரும்பு ஷீட் ஏறத்தாழ 3 மி.மீ. நீள்கிறது, அதே நீளத்துக்கு அலுமினியம் என்றால் ஐந்தரை மி.மீ. வரை நீளும். சுவரோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாள்தோறும் இப்படி நீண்டு சுருங்கும் ஒன்றையும் அசையாத ஒன்றையும் சிமெண்ட்டால் பிணைத்தால் அந்தச் சிமெண்ட் வெடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் சுவரும் கூரையும் சேரும் இடத்துக்கு ஒரே தகடு போதாது, இரண்டு தகடுகள் வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். ஒன்று கூரையோடு மட்டும் பிடிக்கப்பட வேண்டும், மற்றொன்று சுவரோடு மட்டும் பிடிக்கப்பட வேண்டும். மேலுள்ளது கீழுள்ளதன்மேல் தொங்கி மூட வேண்டுமே தவிர, இரண்டும் ஒன்றோடொன்று திருகப்படக் கூடாது.

தென்னங்கீற்று வேய்கிறவர்கள் இறவாரத்திலிருந்து தொடங்கி முகட்டை நோக்கி மேலே மேலே வேய்ந்து போவது எதற்காகவோ, அதே காரணத்துக்காகவே தகடுகளும் கீழிருந்து மேலாகப் பொருத்தப்படுகின்றன. மேல்தகட்டின் விளிம்பு எப்போதும் கீழ்த்தகட்டின் வெளிப்பக்கத்தில் இறங்கி நிற்க வேண்டும். இடுக்கை அடைக்கும் பசையான சீலண்ட் இல்லாமலே தண்ணீர் வெளியே ஓடும்படி தகடுகளை முதலில் அமைத்துவிட்டு, அதன் பிறகு ஒரு கூடுதல் காவலாக மட்டுமே சீலண்ட் இட வேண்டும். சீலண்ட்டை நம்பித்தான் ஒரு இணைப்பு நிற்கிறது என்றால், அந்த இணைப்பின் வடிவமே தவறு.

எங்கே எந்தத் தகடு

ஷீட்டின் மேல்முனை சுவரில் முட்டும் இடத்துக்கும், ஷீட்டின் பக்கவாட்டு ஓரம் சரிவு நெடுகச் சுவரை ஒட்டிப் போகும் இடத்துக்கும் வேறு வேறு தகடுகள் வேண்டும். முதல் இடத்தில் தகடு ஷீட்டின் முகடுகளுக்கு (அலைபோல் மேடாக ஓடும் வரிகளுக்கு) குறுக்கே கிடப்பதால், ஷீட்டின் பள்ளங்கள் வழியாகக் காற்று தண்ணீரை மேல்நோக்கித் தள்ளிவிட முடியும். ஆகவே தகடு வைப்பதற்கு முன்பே ஒவ்வொரு பள்ளத்தின் மேல்முனையையும் குறடால் மேலே மடித்து ஒரு சிறு தடுப்பு உண்டாக்க வேண்டும். தகட்டுக்கும் ஷீட்டுக்கும் இடையிலுள்ள வெளியில் ஷீட்டின் வடிவத்துக்கே வெட்டி விற்கப்படும் ஃபோம் பட்டையைச் செருக வேண்டும். பக்கவாட்டு ஓரத்தில் தகடு குறைந்தது ஒரு முழு முகட்டையாவது தாண்டி இறங்க வேண்டும். சுவரை ஒட்டிய பள்ளத்தோடு நின்றுவிட்டால், அந்தப் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மழை பெய்யும் நாளில் தண்ணீர் தகட்டுக்கு அடியில் நுழைந்துவிடும்.

கூரையின் உச்சி முகட்டின் மேல் வரும் ரிட்ஜ் தகட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷீட் விற்கும் கடையிலேயே அது கிடைக்கிறது, பெரும்பாலானோர் அதைச் சரியாகவே போடுகிறார்கள். இறவாரத்து ஓரத்தில் போடும் தகட்டைத்தான் பலர் செலவு என்று விட்டுவிடுகிறார்கள். அதன் கீழ்விளிம்பு சற்றே வெளியே வளைந்திருப்பதால், தண்ணீர் ஷீட்டின் அடிப்பக்கமாகத் திரும்பி ஓடி இரும்புக் குழாயை நனைக்காமல் நேரே கீழே விழுகிறது. ஷீட்டைத் தாங்கும் பர்லின் குழாய்களில் ஓரத்துக் குழாய் மட்டும் முதலில் துருப்பிடிப்பதைக் கண்டால், அங்கே இந்தத் தகடு இல்லை என்று பெரும்பாலும் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சேரும் கூடல்வாயில், இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஒரே இடத்தில் வந்து கூடுவதால், அங்கே போடும் தகடு மற்ற தகடுகளைவிடத் தடிமனாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். இரண்டு ஷீட்டுகளின் அடியிலும் ஒவ்வொரு பக்கமும் 150 மி.மீ. அளவுக்குக் குறையாமல் அது உள்ளே போக வேண்டும்; அதன் இரண்டு ஓரங்களும் மேல்நோக்கி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். நடுவில் திருகாணி எதுவும் அடிக்கவே கூடாது. வேப்பிலையும் புளிய இலையும் சேர்ந்து அடைக்கும் இடமும் இதுதான் என்பதால், கை நுழைந்து துடைக்கும் அளவுக்கு நடுவில் வெளி விட்டு ஷீட்டை வெட்ட வேண்டும்.

கைப்பிடிச் சுவரின் தலைப்பகுதியை மூடும் தகட்டை நம் ஊரில் மிகச் சிலரே போடுகிறார்கள். சுவரின் மேற்பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்து, அதன் வழியாக இறங்கும் தண்ணீர் வெளிச்சுவரில் பச்சையும் கறுப்புமாகப் பாசி படர்வதற்கும், உள்ளே பெயிண்ட் உரிவதற்கும் காரணமாகிறது. இந்தத் தகட்டை மாடித்தளத்தின் பக்கமாகச் சாய்த்துப் போட்டால், அதன் மேல் சேரும் தூசி தெருப்பக்கச் சுவரில் கோடு கோடாக வழிவதில்லை. இரண்டு ஓரங்களும் சுவரிலிருந்து 20 மி.மீ. அளவுக்கு விலகி நிற்க வேண்டும். மேலே திருகாணி அடிக்காமல், வெளி ஓரத்தில் முதலில் ஒரு பட்டையைச் சுவரோடு பிடித்து, தகட்டின் மடிப்பை அதில் கொக்கிபோல் மாட்டி, உள்பக்கத்தில் மட்டும் திருகுவது நல்ல முறை.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் போன்ற மலையூர்களின் பழைய பங்களாக்களில் கணப்படுப்பின் புகைபோக்கியைச் சுற்றி வரும் தகடு வேலை இவை எல்லாவற்றையும்விட நுட்பமானது. முன்பக்கம் ஒரு பாவாடைத் தகடு, இரண்டு பக்கங்களிலும் சரிவுக்கேற்பத் தகடுகள், பின்பக்கம் ஒரு சிறு வாய்க்கால் என்று நான்கு பக்கமும் நான்கு விதமாக அமையும். புகைபோக்கி இரண்டரை அடிக்கு மேல் அகலமாக இருந்தால், பின்பக்கத்தில் தண்ணீர் தேங்காமல் இருபுறமும் பிரிந்து ஓடும்படி ஒரு சிறு முகடு கட்டி அதையும் தகட்டால் மூட வேண்டும். மலைப்பகுதி விடுதிகளில் இப்போது பரவிவரும், மெல்லிய துண்டுகளை வரிசை வரிசையாக அடுக்கும் ஷிங்கிள் கூரையில், பக்கச்சுவரை ஒட்டி ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சிறு தகடு என்று படிப்படியாக, ஷிங்கிளும் தகடும் மாறி மாறி வரும்படி வைக்கிறார்கள். மங்களூர் ஓட்டுக்கு அந்த முறை பொருந்தாது. ஓட்டின் ஓரத்துக்கு அடியில் சுவரை ஒட்டி மறைவாக ஒரு தகட்டு வாய்க்கால் விட்டு, அதை இறவாரம் வரை கொண்டுவந்து வெளியே விடுவதே அதற்கு ஏற்றது.

குழாய் ஷீட்டைத் துளைத்துப் போகும் இடத்துக்கு, கூம்பு வடிவ ரப்பரும் அதன் அடியில் வளையக்கூடிய அலுமினிய விளிம்பும் கொண்ட உறைகள் கிடைக்கின்றன. அடிப்பாகம் சதுரமாக இருந்தால், ஒரு மூலை கூரையின் உச்சி முகட்டை நோக்கும்படி திருப்பி வைப்பது நல்லது. தட்டையான பக்கம் மேலே இருந்தால் அங்கே தண்ணீரும் குப்பையும் தங்கும்.

உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது

ஷீட் எந்த உலோகமோ, எந்தப் பூச்சோ, அதே வகையில் தகட்டையும் வாங்குவது பாதுகாப்பான வழி. இன்று கிடைக்கும் வண்ண ஷீட்டுகள் பலவற்றின் அடியில் கால்வலூம் எனப்படும் பூச்சு இருக்கிறது. அதில் எடைப்படி 55 விழுக்காடு அலுமினியமும் 43.4 விழுக்காடு துத்தநாகமும் 1.6 விழுக்காடு சிலிக்கனும் கலந்திருக்கும். வெறும் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டை வாங்கினால், ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் பூச்சுள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். 120 கிராம் பூச்சுள்ள மலிவுத் தகடும் பார்வைக்கு அப்படியேதான் பளபளக்கும். தடிமன் 0.5 மி.மீ. இருந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் போதும், கூடல்வாய்க்கு 0.6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நல்லது.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற ஊர்களில் கடலுக்கு மிக அருகிலுள்ள வீடுகளுக்கு ஜி.ஐ. தகடு ஏற்றதல்ல. அங்கே அலுமினியம் போடலாம், செலவு தாங்குமானால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாம்; 304 ரகம் உப்புக்காற்றில் பழுப்புக் கறை பிடிக்கும். ஆனால் அலுமினியத்துக்குக் காயாத ஈரச் சிமெண்ட் ஆகாது. கலவையின் காரத்தன்மை அதை அரித்துவிடுவதால், சிமெண்ட் படும் பகுதியில் முன்கூட்டியே தார் பெயிண்ட் அடித்துக் காயவிட வேண்டும். செம்பு அழகானது, நீண்ட நாள் உழைப்பது; இருந்தாலும் செம்பின் மேல் ஓடிய மழைநீர் அலுமினியத்தின் மீதோ துத்தநாகப் பூச்சின் மீதோ விழுந்தால் அதைத் துளைத்துவிடும் என்பதால், ஷீட் கூரைக்கு மேலே செம்பு வேண்டாம். மலைப் பங்களாக்களில் காணப்படும் ஈயத் தகட்டைப் புது வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருக்கிறது. தொட்டியில் பிடித்துப் புழங்கும் தண்ணீர் ஈயத்தின் மேல் ஓடி வரக் கூடாது.

சுவரோரத்து வேலையைச் செய்யும் முறை

முதலில் அளவு. சுவருக்கும் ஷீட்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை ஒரு தடித்த அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். வாயால் சொல்லும் கோணம் பெரும்பாலும் பொருந்துவதில்லை. 1,220 மி.மீ. அகலமுள்ள தகட்டுச் சுருளை நான்காகப் பிரித்தால் ஒரு துண்டு 305 மி.மீ. வரும். கீழ்த்தகட்டுக்கு அதில் 140 மி.மீ. சுவரோடு மேலே நிற்கவும், 150 மி.மீ. ஷீட்டின்மேல் கிடக்கவும், மீதி 15 மி.மீ. கீழ்விளிம்பில் மடிக்கவும் சரியாக இருக்கும், துண்டு மிஞ்சாது. அந்த மடிப்பை வேண்டாமென்று பட்டறையில் சொல்வார்கள். விடாமல் கேட்டு வாங்குங்கள். மடித்த விளிம்பு கையைக் கிழிக்காது, வெட்டுமுனையை மழையிலிருந்து மறைக்கிறது, தகடு அலைபோல் நெளியாமல் விறைப்பாக நிற்கவும் அதுவே காரணம். கோணம் அட்டையில் உள்ளதைவிட ஓரிரு டிகிரி அகன்றிருக்கும்படி வளைக்கச் சொன்னால், பொருத்தும்போது தகட்டின் விளிம்பு ஷீட்டை அழுத்திப் பிடிக்கும்.

நீளத்தைத் தளத்தில் வெட்ட வேண்டியிருந்தால் தகடு வெட்டும் கத்தரியால் வெட்ட வேண்டும். கிரைண்டரால் வெட்டினால் விளிம்பின் பூச்சு கருகும். பறக்கும் நெருப்புப்பொறிகள் ஷீட்டின்மேல் ஒட்டி, சில நாட்களில் புள்ளி புள்ளியாகத் துருவாக மாறும். கால்வலூம் தகட்டில் பென்சிலால் கோடு போடுவதும் தவறு. பென்சிலின் கரி ஈரத்தில் பூச்சை அரித்து, கோடு போட்ட வடிவத்திலேயே கறை விழும். மார்க்கர் பேனா போதும்.

ஷீட்டின் தூசியைத் துடைத்து, கீழ்த்தகட்டைக் கூரையோடு மட்டும், ஷீட்டின் முகடுகளின் மேல், ரப்பர் வாஷர் உள்ள திருகாணியால் பிடிக்க வேண்டும். வாஷர் சற்றே பிதுங்கும்வரை முறுக்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் நசுங்கி வெடித்து, அந்தத் துளையே புதிய ஒழுகலாகும். திருகாணிகளின் இடைவெளி ஏறத்தாழ 300 மி.மீ. இருக்கலாம். 2016-இல் வர்தா, 2018-இல் கஜா என்று புயல் கண்ட கடலோரத்தில் மூலைகளில் இதைப் பாதியாகக் குறைப்பது நல்லது. ஏனென்றால் காற்று முதலில் பிடித்துத் தூக்குவது ஓரங்களையும் மூலைகளையும்தான். ஒரு தகடும் அடுத்ததும் 150 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். வடகிழக்குப் பருவமழையே முதன்மையான ஊர்களில் மேற்கு முனையிலிருந்து தொடங்கிக் கிழக்கு நோக்கிப் போனால், திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். கூடலூர், கன்னியாகுமரிப் பக்கம் தென்மேற்கு மழையும் வலுவாக அடிப்பதால் அந்த இடத்துக் காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏறும் பகுதியில் இரண்டு வரி சீலண்ட் இட்டு ரிவெட் அடிக்கலாம். ஆனால் 10 மீட்டருக்கு ஒரு முறையாவது ஓர் இணைப்பை ரிவெட் இல்லாமல், ரப்பர்போல் நெகிழும் ஒட்டுநாடாவான ப்யூட்டைல் டேப் மட்டும் ஒட்டி விட்டால் தகடு நீள இடம் கிடைக்கும்.

அடுத்தது மேல்தகட்டைச் செருகுவதற்காகச் சுவரில் காடி (நீளமான ஒடுங்கிய வெட்டு) வெட்டுவது. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நம் சுவர்களின் வெளிப்பூச்சு 15 முதல் 20 மி.மீ. தடிமன் இருக்கும். காடி பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டால், பூச்சுக்கும் செங்கல்லுக்கும் இடையில் இறங்கும் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் புகுந்து வீட்டுக்குள் வந்துவிடும். ஆகவே காடி பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 20 மி.மீ. வரை போக வேண்டும், அதாவது மேற்பரப்பிலிருந்து 35 முதல் 40 மி.மீ. ஆழம். கீழ்த்தகட்டின் மேல்விளிம்புக்கு 25 மி.மீ. மேலே நூல் பிடித்து, கட்டரைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வெட்டினால் உள்ளே போகும் தண்ணீர் தானாக வெளியே வடியும். முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். தூணோ பீமோ குறுக்கிட்டால் அங்கே காடி வெட்டவே கூடாது. கான்கிரீட்டில் கம்பிக்கு மேலுள்ள மூடல் 25 முதல் 40 மி.மீ. வரைதான், அதை வெட்டினால் கம்பி துருப்பிடிக்கும். அந்த நீளத்துக்கு மட்டும் பூச்சைத் தட்டி எடுத்துவிட்டு, மேல்தகட்டைக் கான்கிரீட்டின்மேல் அலுமினியப் பட்டை வைத்து 300 மி.மீ.க்கு ஒரு பிளக் அடித்து இறுக்கி, வெளியே வளைந்த மேல்விளிம்பில் சீலண்ட் நிரப்பி, அந்த விளிம்பு வெளியே நீண்டிருக்குமாறு அதற்கு மேலே மட்டும் மீண்டும் பூச வேண்டும்.

மேல்தகடு காடிக்குள் நுழையும் முனையில் ஒரு சிறு எதிர்மடிப்பு இருந்தால் அது தானாக வெளியே நழுவாது. தகட்டுத் துண்டை மடித்துச் செய்த ஆப்புகளை 450 மி.மீ.க்கு ஒன்றாகக் காடிக்குள் தட்டி இறுக்கிய பிறகு, மேல்தகடு கீழ்த்தகட்டின்மேல் 75 மி.மீ.க்குக் குறையாமல் இறங்கியிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சிறு இடைவெளி இருக்கட்டும். தகடுகள் இறுக ஒட்டிக்கொண்டால் அந்த நெருக்கத்தில் தண்ணீர் தானே மேலேறும். காடியைத் தூரிகையால் தூசி நீக்கி, பாலியூரித்தேன் சீலண்ட்டாலோ நியூட்ரல் வகை சிலிக்கோனாலோ அடைக்க வேண்டும். டியூபைத் திறந்ததும் வினிகர் நெடி அடித்தால் அது அசிட்டிக் வகை சிலிக்கோன்; துத்தநாகப் பூச்சை அது அரிக்கும், கண்ணாடி அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம். சுவர் ஈரமாக இருந்தால் எந்தச் சீலண்ட்டும் சரியாகப் பிடிக்காது என்பதால் இந்த வேலைக்குச் சித்திரை, வைகாசி மாதங்களே உகந்தவை.

வேலை முடிந்ததும் இரும்புத் தூளையும் ரிவெட்டின் உடைந்த கம்பிகளையும் ஷீட்டின் மேலிருந்து அன்றைக்கே பெருக்கி எடுத்துவிட வேண்டும். சீலண்ட் காய்ந்த பிறகு தோட்டக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிச் சோதிக்கலாம். இறவாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு பகுதிக்கும் பத்து நிமிடமாவது நின்று, மெல்ல மேலே ஏற வேண்டும். ஒருவர் கீழே நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. குழாயைக் கீழிருந்து மேல்நோக்கிப் பீய்ச்சக் கூடாது. எந்த மழையும் அப்படிப் பெய்வதில்லை, நல்ல இணைப்பும் அதில் தோற்றுவிடும்.

அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, புரட்டாசி முடிவதற்குள், ஏணி வைத்து ஏறிக் கூடல்வாயில் சேர்ந்த இலைகளை அள்ளி, தளர்ந்த திருகாணிகளை இறுக்கி, வெடித்த வாஷர்களை மாற்றி, காடியில் சீலண்ட் சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். பிரிந்திருந்தால் பழையதன்மேல் புதியதைப் பூசக் கூடாது. பழையதைக் கத்தியால் கீறி முழுதாக எடுத்துவிட்டுத்தான் புதியதை நிரப்ப வேண்டும்.